மாமாவுக்கு ஓர் இரவுப் பதிப்பு

கடைசியாக மாமா நாடகம் பார்க்கப் போன அன்று மேடையில் ஒருவர் உயிரை விட்டுக்கொண்டிருந்தார். மாமா விழுந்து விழுந்து சிரித்தார்.

அவரை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. கொதிகலன் பட்டறையில் வேலைக்காலம் முழுக்க இரும்புத் தகட்டுக்கும் சம்மட்டிக்கும் நடுவே நின்ற மனிதர். காது இரண்டும் பாதி வழியிலேயே விடைபெற்றுக்கொண்டன. மருத்துவர் கொடுத்த கருவியோ கைதட்டல், இருமல், நாற்காலிக் கிறீச்சு எல்லாவற்றையும் ஒன்றாகக் கலக்கி மண்டைக்குள் கொட்டியது. அதைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுவிட்டு அவர் வேறு வழி கண்டுபிடித்திருந்தார். பக்கத்து நாற்காலிக்காரரை ஓரக்கண்ணால் பார்ப்பது. அவர் குலுங்கினால் தானும் குலுங்குவது. அன்று பக்கத்து நாற்காலிக்காரருக்கு அடக்க முடியாத தும்மல். அவர் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்க, அதைச் சிரிப்பென்று நம்பி மாமா அரங்கம் அதிரச் சிரித்துவிட்டார். செத்துக்கொண்டிருந்தவரே ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார்.

செத்துக்கொண்டிருந்தவர் வேறு யாருமில்லை, மாமாவின் சொந்த மகன். பகலில் லிஃப்ட் பழுது பார்ப்பவன், விடுமுறை நாளில் நாடகக் குழுவின் ஆஸ்தான சிரிப்பு நடிகன். "எனக்கும் அழ வைக்கத் தெரியும்" என்று வீம்புக்கு அந்த ஒரு தடவை சோக வேடம் கட்டி, இப்படி மாட்டிக்கொண்டான்.

அதற்குப் பிறகு மாமா அரங்கத்துப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. "நான் வரலம்மா," என்றார் மருமகளிடம். காது கேளாதவர் என்பதால் அவர் ரகசியம் பேசினாலே பக்கத்துத் தெரு வரை கேட்கும். "சிரிப்பு என்கிட்ட வந்து சேர்றதுக்குள்ள எல்லாரும் சிரிச்சு முடிச்சுடறாங்க. பஸ் போன அப்புறம் பின்னாடி ஓடுற மாதிரி இருக்கு. இந்த வயசுல ஓட முடியல."

சொல்லிவிட்டு அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு மருமகளுக்குப் பொறுக்கவில்லை. ஒரு காலத்தில் வீட்டில் யார் வாய் திறந்தாலும் அதற்கொரு நக்கல் வைத்திருந்த மனிதர் அவர். இப்போது சாப்பாட்டு மேசையில் எல்லோர் வாயையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கடைசியில் தட்டைப் பார்க்கிறார். எப்படியாவது இவரை மறுபடி அரங்கத்தில் உட்காரவைத்து எல்லோரோடும் சேர்ந்து சிரிக்கவைக்க வேண்டும் என்று அவள் ஒற்றைக்காலில் நின்றாள்.

தேடித் துருவியதில் சிக்கியதுதான் 'வசன ஓட்டி'. நாடகத்தின் மொத்த வசனத்தையும் கணினியில் ஏற்றிவைத்துக்கொண்டு, நடிகர் வாய் திறக்கும்போது ஒரு பொத்தானைத் தட்டினால் அந்த வரி திரையில் வந்து நிற்கும். காது கேளாதவர் படித்துக்கொள்ளலாம். இலவசம், அதற்கு மேல் திறந்த மூல மென்பொருள்; உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று யார் வேண்டுமானாலும் எட்டிப் பார்க்கலாம், கை வைத்துத் திருத்தலாம். எழுதியவர்களுக்குத் தலைவன் போல இருந்தவன் 'ஆந்தை'. காப்பீட்டு அலுவலகத்தில் குமாஸ்தா என்பதைத் தவிர அவனைப் பற்றி யாருக்கும் எதுவும் தெரியாது. அந்தக் குழுவில் எல்லோருக்கும் புனைபெயர்தான். பெயரைக் கேட்ட கட்டத்தில் இவள் யோசிக்காமல் 'மருமகள்' என்று அடித்துவிட்டாள். அன்றிலிருந்து முகம் தெரியாத ஒரு கூட்டமே அவளுக்குப் புகுந்த வீடாகிவிட்டது.

முன்பெல்லாம் புதிதாக எழுதியதைச் சோதிக்க வேண்டுமென்றால் மூலநிரலை இறக்கி, அவரவரே அதை ஓடும் மென்பொருளாகக் கட்டிக்கொள்ள வேண்டும். அதற்கான வழிமுறையின் முதல் பக்கத்திலேயே பாதித் தன்னார்வலர்கள் மயங்கி விழுந்தார்கள். மீதிப் பேர் சொல்லாமல் கொள்ளாமல் ஓடிப்போனார்கள். வெறுத்துப்போன ஆந்தை ஓர் ஏற்பாடு செய்தான். பகலில் யார் எதைத் திருத்தினாலும் சரி, ஊர் உறங்கும்போது ஓர் இயந்திரம் தானே அதையெல்லாம் சேர்த்துக் கட்டி, விடியும்போது சுடச்சுடப் பொட்டலமாக வைத்துவிடும். அதற்குப் பெயர் இரவுப் பதிப்பு. இறக்கு, திற, பார், எது உடைந்தது என்று சொல். அவ்வளவுதான் வேலை. நிரல் எழுதத் தெரிய வேண்டாம். கண்ணும் வாயும் இருந்தால் போதும். மருமகளிடம் இரண்டும் தாராளமாக இருந்தன.

அது அவளுக்குப் பைத்தியமாகவே பிடித்துக்கொண்டது. காலையில் எழுந்ததும் நேற்றைய பதிப்பை அழிப்பாள், இன்றையதை இறக்குவாள், பல் தேய்ப்பதெல்லாம் பிறகுதான். பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருப்பவள் செய்கிற காரியமா இது! ஒரு நாள் திரை தலைகீழாக வந்தது. ஒரு நாள் எல்லா எழுத்தும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்துகொண்டது. ஒரு நாள் திறக்கவே மறுத்தது. ஒவ்வொன்றுக்கும் அவள் துள்ளிக் குதித்து முறையிட, "மருமகளே, பிழை கண்டுபிடிச்சா இவ்வளவு சந்தோஷப்படுற ஆளை நான் பாத்ததே இல்ல," என்று ஆந்தை எழுதினான். "எங்க மாமாவைக் கேளுங்க, வீட்டுலயும் நான் இப்படித்தான்," என்று இவள் பதில் போட்டாள்.

மாமாதான் அவளுடைய சோதனைச்சாலை. புது நாடகத்தின் வசனத்தை ஏற்றி அவர் முன்னால் ஓட்டிக் காட்டுவாள். கதை இதுதான்: ஒரு வீட்டுக்குத் திருட வருகிறான் ஒருவன், அங்கே கணவனும் மனைவியும் சண்டையின் உச்சத்தில் இருக்கிறார்கள், இருவரும் அவனைப் பிடித்து உட்காரவைத்து நியாயம் சொல்லச் சொல்கிறார்கள். திருடன் வேடம், மாமாவின் மகன்.

ஒரு காலை, திரையில் வந்த வரியைப் படித்துவிட்டு மாமா நெற்றியைச் சுருக்கினார். "நான் ஜெயில்ல இருந்துதான் வரேன். அங்க... அங்க என்னம்மா? சோறு போடலையா?"

கடைசிச் சொல் விழுந்துவிட்டிருந்தது! வரி நீண்டால் கடைசிச் சொல்லை வசன ஓட்டி விழுங்கிக்கொண்டிருந்தது. சிரிப்பு நாடகத்தில் கடைசிச் சொல் போனால் மொத்தமும் போச்சு. மருமகள் உடனே எழுதிப் போட்டாள். ஆந்தையும் அன்றைக்கே திருத்திவிட்டான், ஆனால் திருத்தம் இரவுப் பதிப்பில் மட்டும்தான் வரும். எல்லோருக்குமான, சோதித்து முடித்த நிலைப் பதிப்பு வெளிவர இன்னும் நாளிருந்தது. நாடகமோ வரும் ஞாயிற்றுக்கிழமை.

"இரவுப் பதிப்பை நம்பி உண்மையான வேலை பாக்கக்கூடாது, பெரிய எழுத்துல போட்டிருக்கேன்ல?" என்று ஆந்தை எச்சரித்தான். "அவ்வளவு அவசரம்னா நல்லா ஓடுற ஒண்ணைப் பிடிச்சு வெச்சுக்கங்க. அதுக்கப்புறம் புதுசு எது வந்தாலும் கை வைக்காதீங்க."

வெள்ளிக்கிழமைப் பதிப்பு பத்தரைமாற்றுத் தங்கமாக ஓடியது. முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை மாமா படித்தார், சிரித்தார். சிரித்து முடித்துவிட்டுச் சொன்னார்: "சரி, வரேன். ஆனா ஒரே தடவை. இதுலயும் எனக்கு மானம் போச்சுன்னா அப்புறம் என்னைக் கூப்பிடக் கூடாது. நீயும் கூப்பிடக் கூடாது, உன் புருஷனும் கூப்பிடக் கூடாது. நான் பாட்டுக்கு வீட்டுல இருந்துக்குவேன்."

"சரி மாமா" என்றாள். அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று அவளுக்குத் தெரியும்.

ஞாயிறு காலை வீடு அல்லோலகல்லோலப்பட்டது. கணவன் திருடனின் முகமூடியைக் காணோமென்று கட்டிலுக்கடியில் தவழ்ந்துகொண்டிருந்தான். மாமா வெளுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு, இருந்த நாலு முடியைத் திரும்பத் திரும்ப வாரினார். மருத்துவமனைக் காத்திருப்பு அறையிலிருந்து கெஞ்சிக் கடன் வாங்கிய டிவி கூடத்தில் போர்வை சுற்றிக் கிடந்தது. இந்த அமளிக்கு நடுவே அடுப்பில் தண்ணீர் கொதிக்கக் காத்திருந்த மருமகளின் கை, பழக்க தோஷத்தில், மடிக்கணினியைத் திறந்து பழைய பதிப்பை அழித்தது, புதிய பதிப்பை இறக்கியது, மூடியது. மனம் அப்போது முகமூடியைத் தேடிக்கொண்டிருந்தது. நல்லவேளையாக முகமூடி துணி துவைக்கும் இயந்திரத்துக்குள் கிடைத்தது.

அரங்கம் ஒரு கட்டடத்தின் நிலவறையில். கைப்பேசிக்கு அங்கே ஒரு பொட்டு சிக்னல் கிடையாது. முன்வரிசையின் ஓரத்தில் டிவியை வைத்து, அதற்கு எதிரே மாமாவை உட்காரவைத்தாள். மற்றவர்கள் கண்ணில் அது படாது. நீளக் கம்பியை இழுத்துக்கொண்டுபோய் மேடையின் பக்கவாட்டில், திரைச்சீலைக்குப் பின்னால், மடிக்கணினியோடு தான் உட்கார்ந்தாள். அங்கிருந்து மேடையும் தெரிந்தது, மாமாவின் முகமும் தெரிந்தது. வசன ஓட்டியைத் திறந்தாள். உச்சியில் பதிப்பின் தேதி இருந்தது. இன்றைய தேதி.

காலையில் கை செய்த காரியம் அப்போதுதான் உறைத்தது. வெள்ளிக்கிழமைப் பதிப்பைத் தேடினாள். அது போன இடம் புல் முளைத்துக் கிடந்தது. மேலே தெருவுக்கு ஓடினால் மறுபடி இறக்கலாம். ஓடலாமா என்று எழுந்தபோது மேடைத் திரை உயர்ந்துவிட்டது.

முதல் காட்சியில் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. கணவனும் மனைவியும் மூச்சுவிடாமல் சண்டை போட்டார்கள். இவள் பொத்தானைத் தட்டத் தட்ட வரிகள் வந்தன. கடைசிச் சொற்களும் ஒழுங்காக இருந்தன. மாமா டிவியையும் மேடையையும் மாறி மாறிப் பார்த்துத் தலையாட்டினார். மருமகள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். இந்த நேரம் பார்த்துத் திருடன் ஜன்னல் வழியாகக் குதித்தான்.

"யாருய்யா நீ?" என்றார் வீட்டுக்காரர்.

"திருடன்."

"என்ன திருட வந்தே?"

இங்கேதான் அவள் கணவனின் புகழ்பெற்ற இடைவெளி. உடனே பதில் சொல்ல மாட்டான். வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பான். காலியான அலமாரி, ஒற்றைக்கால் நாற்காலி, ஓட்டைப் பானை. சுற்றி முடித்து, வீட்டுக்காரரைப் பரிதாபமாகப் பார்த்த பிறகுதான் வாயைத் திறப்பான். "அந்த இடைவெளியைக் கெடுத்துடாதே தாயே, அதுலதான் என் பொழப்பே இருக்கு," என்று அவளிடம் ஆயிரம் தடவை சொல்லியிருந்தான். அதனால் பதிலைத் தனி வரியாகப் பிரித்துவைத்து, பொத்தான்மேல் விரலை வைத்துக் காத்திருந்தாள்.

அவள் தட்டவில்லை. வரி தானே நகர்ந்தது. டிவியில் பளிச்சென்று வந்து நின்றது: "உங்க வீட்டைப் பாத்த அப்புறம்... நான் ஏதாவது வெச்சுட்டுப் போகட்டுமா?"

மாமா படித்தார். சிரித்தார்.

அதைச் சிரிப்பென்று சொன்னால் போதாது. கொதிகலன் பட்டறையின் இரைச்சலையே அமுக்கிப் பழகிய தொண்டை அது. மொத்த அரங்கமும் ஊசி விழுந்தால் கேட்கும் அமைதியில் இருந்தபோது அவர் ஒருவர் மட்டும் தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தார். பிறகு, பழைய பழக்கத்தில், பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவர் இவரையே வெறித்துக்கொண்டிருந்தார். யாருமே சிரிக்கவில்லை. மாமாவின் முகம் சட்டென்று அணைந்தது. கை வாயைப் பொத்தியது. நாற்காலியின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு அவர் மெதுவாக எழுந்தார்.

போச்சு, என்று நினைத்தாள் மருமகள். ஐயோ மாமா, உட்காருங்க மாமா, உங்க தப்பில்ல மாமா. கத்தினாலும் அவருக்குக் கேட்காது. எந்தப் பொத்தானைத் தட்டுவது என்றும் தெரியவில்லை. ஒரு பொத்தானைத் தட்டி வரியைப் பின்னால் போகச் சொன்னாள். வரி பின்னால் போய், அவளைக் கேலி செய்வதுபோல மறுபடி முன்னால் குதித்தது.

அப்போது மேடையில் அவன் வாயைத் திறந்தான். "உங்க வீட்டைப் பாத்த அப்புறம்... நான் ஏதாவது வெச்சுட்டுப் போகட்டுமா?"

அரங்கம் வெடித்தது. பாதி எழுந்த நிலையில் மாமா திரும்பினார். வரிசை வரிசையாக எல்லோரும் வாயைப் பிளந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர் டிவியைப் பார்த்தார், ஜனங்களைப் பார்த்தார், மறுபடி டிவியைப் பார்த்தார். பிறகு ஒரு பெரிய மனிதரின் தோரணையோடு உட்கார்ந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

அடுத்த இடைவெளியிலும் அதேதான். வீட்டுக்காரி கேட்டாள்: "நீங்களே சொல்லுங்க, இந்த மனுஷனோட எப்படிக் குடும்பம் நடத்துறது?" திருடன் சொன்னான்: "அம்மா, நான் ஜெயில்ல இருந்துதான் வரேன்." சொல்லிவிட்டு விட்டத்தைப் பார்த்து யோசித்தான். மாமா ஏற்கெனவே மடிந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார். இந்த முறை பின்வரிசைகளில் யாரோ கிளுகிளுத்தார்கள். அது இன்னும் நாலு பேருக்குத் தொற்றியது. "அங்க பரவாயில்ல," என்று அவன் முடித்தபோது கூரை பறந்தது.

இடைவேளை விட்டதும் மருமகள் படியேறித் தெருவுக்கு ஓடினாள். மூச்சு வாங்க வாங்க எழுதினாள்: 'தட்டாமலே வரி நகருது! நாடகம் நடந்துட்டிருக்கு! காப்பாத்துங்க!'

ஆந்தையின் பதில் அடுத்த மூச்சில் வந்தது. 'ஐயையோ! இன்னிக்குப் பதிப்பையா எடுத்தீங்க? நேத்துதான் புதுசா ஒரு வசதி சேர்த்தாங்க. தட்ட ஆள் இல்லாதவங்களுக்காக, படிக்கிற நேரம் முடிஞ்சதும் வரி தானே நகரும். எப்பவும் அணைஞ்சுதான் இருக்கணும், யாரோ எரியவிட்டுட்டாங்க. செட்டிங்ஸ்ல போய் அணைச்சிடுங்க, ஒரே தட்டு.' பின்னாலேயே குழுவினர் திபுதிபுவென்று வந்து விழுந்தார்கள். கிழட்டுக் கணினியில் சோதிக்கிற 'ஒற்றைச்செருப்பு' என்ற புனைபெயர்க்காரர் மட்டும் பிழையைப் பற்றிக் கேட்கவில்லை. 'மாமா சிரிச்சாரா இல்லையா? அதை முதல்ல சொல்லு மருமகளே.'

இவள் கீழே ஓடினாள். மாமா நாற்காலியிலேயே இருந்தார், முகமெல்லாம் பல். அவர் எதிரே குனிந்து, வாயசைவு தெரியும்படி நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்: "மாமா, இதுல ஒரு தப்பு. அவர் சொல்றதுக்கு முன்னாடியே உங்களுக்கு வந்துடுது."

"தப்பா?" என்றார் மாமா, அரங்கத்துக்கே கேட்கும்படி. "நான் இவங்க எல்லாம் கொஞ்சம் மந்தம்னு நெனச்சேன்!"

"சரி பண்ணிடவா மாமா? எல்லாரோடயும் சேர்ந்தே சிரிக்கலாம்."

அதற்குள் திருடன் முகமூடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு வந்து அவள் கையைப் பிடித்தான். திட்டப்போகிறான் என்று நினைத்தாள். அவன் கண்கள் கலங்கியிருந்தன.

"அதைத் தொட்டே, நான் மேடை ஏற மாட்டேன்," என்றான். "எத்தனை நாடகம் போட்டிருக்கேன். அப்பா எப்பவும் பக்கத்து ஆளைத்தான் பாத்துட்டிருப்பாரு. இன்னிக்குத்தான் நான் நடிக்கிறதைப் பாத்துச் சிரிக்கிறாரு. இரு, இருக்கட்டும் விடு."

மாமா இருவர் வாயையும் மாறி மாறிப் பார்த்தார். "என்னவாம்?"

"ஒண்ணும் இல்லப்பா. நல்லாச் சிரிங்க."

ஆக, தன்னார்வலர் வரலாற்றிலேயே முதல் முறையாக ஒருத்தி பிழையையும் தெரிந்துகொண்டு, தீர்வையும் கையில் வைத்துக்கொண்டு, வேண்டுமென்றே தீர்க்காமல் உட்கார்ந்தாள். இரண்டாம் பாதியில் நடந்ததை எப்படிச் சொல்வது? மேடையில் இடைவெளி விழும்; உடனே அரங்கம் முழுவதும் கழுத்தை நீட்டி, முன்வரிசை ஓரத்தில் இருந்த அந்த வழுக்கைத் தலையைப் பார்க்கும். தலை ஆட ஆரம்பித்ததும் பின்னால் எல்லோரும் தயாராகிவிடுவார்கள். தோள் குலுங்கியதும் சிரித்தே விடுவார்கள். முன்னால் உட்கார்ந்திருந்த மாமாவுக்குத் தன் முதுகுக்குப் பின்னால் நடப்பது எதுவும் தெரியாது. அவர் பாட்டுக்குப் படித்தார், அவர் பாட்டுக்குச் சிரித்தார். மகனோ வேண்டுமென்றே இடைவெளிகளை இழுத்தான். அப்பா சிரித்து முடிக்கிற வரை கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டு, பிறகு வசனம் சொன்னான். திரைச்சீலைக்குப் பின்னால் மருமகள் வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டு உருண்டாள்.

கடைசிக் காட்சி. போலீஸ்காரர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். "இந்த மூணு பேர்ல யாருய்யா திருடன்?" வீட்டுக்காரர் மனைவியைக் கைகாட்டினார். மனைவி கணவனைக் கைகாட்டினாள். போலீஸ்காரர் திருடனைப் பார்த்தார். திருடன் பேசவில்லை. இரண்டு பேரையும் பார்த்தான். வாசலைப் பார்த்தான். பிறகு நேராக முன்வரிசை ஓரத்தைப் பார்த்தான்.

மாமா படித்துவிட்டார். சிரித்தார், கண்ணீரைத் துடைத்தார், நிமிர்ந்தார். மகன் இன்னும் சொல்லவில்லை. மாமா கையை ஆட்டினார்: சொல்லுடா. மகன் உதட்டைப் பிதுக்கினான், வசனம் மறந்துவிட்டவனைப்போல. அரங்கம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. மாமாவுக்குப் பொறுக்கவில்லை. எழுந்து நின்று, பட்டறைக் குரலில், தானே கத்தினார்:

"ஐயா! என்னை உடனே கூட்டிட்டுப் போயிடுங்க!"

போலீஸ்காரருக்குத் தொப்பி கழன்று விழுந்தது. வீட்டுக்காரர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று குலுங்கினார். திரையை இறக்க வேண்டியவர் கயிற்றை விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்து சிரித்ததால் திரை இறங்கவே இல்லை.

கூட்டம் கலையும்போது மாமாவைச் சுற்றிப் பத்துப் பேர். பின்வரிசையிலிருந்து வந்த ஓர் அம்மாள் அவர் கையைப் பிடித்து ஏதோ சொன்னாள். புது வாய், புது அசைவு, மாமாவுக்குப் புரியவில்லை. வழக்கம்போலத் தலையாட்டிவிட்டு மருமகளைத் தேடினார். அவள் திரைச்சீலையை விலக்கிக்கொண்டு வந்து, அந்த அம்மாளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, திரும்பிப் போய் மடிக்கணினியில் அடித்தாள். டிவியில் வரி வந்தது:

'உங்களைப் பாத்துத்தான் நாங்க எல்லாரும் சிரிச்சோம்.'

மாமா படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை படித்தார். அந்த அம்மாளைப் பார்த்தார், சுற்றி நின்றவர்களைப் பார்த்தார், முகமூடியோடு வந்து நின்ற மகனைப் பார்த்தார்.

"என்னைப் பாத்தா?" என்று கேட்டார். முதல் முறையாக அவர் குரல் சன்னமாக வந்தது. "அடப்பாவிகளா! நான் அந்த டப்பாவைப் பாத்துல்ல சிரிச்சேன்!"

எல்லோரும் சிரித்தார்கள். மாமாவும் அவர்களோடு சேர்ந்து, அதே நேரத்தில், சிரித்துக்கொண்டிருந்தார்.